கம்பைலர்: தொகுப்பியா, நிரல்பெயர்ப்பியா?

ரொம்ப வருஷமா வெப்சைட் வேலைதான் பாத்துட்டு இருந்தேன், பிஹெச்பில ஒரு வரி மாத்தி சேவ் பண்ணிட்டு பிரவுசர ரெப்ரெஷ் பண்ணா மாத்தினது அப்பவே கண்ணுல தெரிஞ்சிடும். இப்ப ஆண்ட்ராய்டு ஆப் பண்றதுக்காக காட்லின்ங்கற நிரல்மொழி கத்துக்கிட்டு இருக்கேன், இங்க கத வேற, ரன் பட்டன அமுக்கினா கீழ பில்ட் ஓடும், எங்கயோ ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் ஆப் போனுக்கே போய்ச் சேராது, சிவப்புல வந்து நிக்கும். பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்த தங்கச்சி பையன் கேட்டான், "மாமா, கம்பைல்னா தொகுக்கறதா பெயர்க்கறதா, ஒரு எடத்துல தொகுப்பின்னு இருக்கு இன்னொரு எடத்துல நிரல்பெயர்ப்பின்னு இருக்கு, எது சரி?" தமிழ் மீடியத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கற பையன், அவனுக்கு அரகுறையா பதில் சொல்ல மனசு வரல.

மொதல்ல பொருள். நாம எழுதற கோடு, அதாவது நிரல், நமக்குப் புரியற மொழியில இருக்கு, மெஷினுக்குப் புரியறது வேற. முழு கோடையும் எடுத்துப் படிச்சு, தப்பு இருக்கான்னு பாத்து, மெஷினுக்கு ஏத்த வேற வடிவத்துல எழுதிக் குடுக்கற சாஃப்ட்வேர்தான் கம்பைலர். இதுக்கும் இன்டர்பிரட்டருக்கும் வித்தியாசம் கேட்டா நான் துபாஷியத்தான் சொல்வேன். இன்டர்பிரட்டர் துபாஷி மாதிரி, பக்கத்துல நின்னு நீங்க பேசப் பேச மொழிமாத்திச் சொல்வாரு, கம்பைலர் புத்தகம் முழுசையும் வாங்கிட்டுப் போயி மொழிபெயர்த்துக் கொண்டாந்து குடுக்கறவரு.

சரி, அப்ப தொகுப்பிங்கற பேரு எங்கேந்து வந்துது? கம்பைலோட வேர்ச்சொல் லத்தீன், அங்க அதுக்கு அர்த்தம் சூறையாடறது, கொள்ளையடிக்கறது! அப்பறம் பலபேர் எழுதினத எடுத்து ஒண்ணா சேக்கறதுக்கு அந்தச் சொல் வந்து, இங்கிலீஷ்ல தொகுக்கறதுன்னே நெலச்சிடுச்சு. கம்ப்யூட்டருக்கு அத கொண்டாந்தது அமெரிக்கக் கணினி விஞ்ஞானி கிரேஸ் ஹாப்பர். 1952 வாக்குல யூனிவாக் மெஷினுக்காக ஏ-0 ன்னு ஒண்ணு செஞ்சாங்க, அடிக்கடி தேவப்படற கணக்குகள சின்னச் சின்னத் துண்டா எழுதி டேப்புல வச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் குடுத்துட்டாங்க, எந்தெந்த எண் வேணும்னு சொன்னா அந்தந்தத் துண்ட எடுத்து ஒரே நிரலா கோத்துக் குடுத்துடும். அது நெசமாவே தொகுக்கற வேலைதான், அந்த நாளுக்கு தொகுப்பிங்கறது கச்சிதமான சொல்.

ஆனா அஞ்சே வருஷத்துல, 1957ல ஐபிஎம்ல ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான்ங்கற நிரல்மொழிக்கான கம்பைலர வெளிய விட்டப்ப வேலையே மாறிடுச்சு, கணித வாய்ப்பாடு மாதிரி எழுதினத மெஷின் மொழிக்கு மாத்தறதுதான் முக்கிய வேலை. வேலை மாறியும் இங்கிலீஷ்ல பழைய பேரே ஒட்டிக்கிச்சு. நாம அந்தப் பேர வார்த்தைக்கு வார்த்த தமிழ்ல வச்சோம், எனக்கு உறுத்தறது இங்கதான். ஏன்னா தொகைங்கறது நமக்கு ரொம்பத் தெளிவான சொல். குறுந்தொகைய தொகுத்தவர் பூரிக்கோ, ஐங்குறுநூற்ற தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுக்கறவர் பாட்டத் தேர்ந்தெடுப்பாரு, அடுக்குவாரு, ஆனா பாட்ட வேற மொழிக்கு மாத்த மாட்டாரு. கம்பைலர் பண்றது நேர் எதிர், சொன்ன பொருள் அப்படியே இருக்கும், எழுத்து அத்தனையும் வேறயாயிடும்.

காட்லினையே பாருங்க. நான் எழுதறத மொதல்ல காட்லின் கம்பைலர் ஜாவா பைட்கோடுங்கற இடைப்பட்ட வடிவத்துக்கு மாத்துது, அத டி8 ங்கற டூல் ஆண்ட்ராய்டுக்கான டெக்ஸ் வடிவத்துக்கு மாத்துது, அந்த டெக்ஸ் போனுக்குள்ள போனப்பறம் ஆப்ப ஓட்டற ஏஆர்டிங்கற ஆண்ட்ராய்டு பகுதி மறுபடியும் அந்த போனோட புராசஸருக்கான மொழிக்கு மாத்துது, ஆக ஒரே கோடு மூணு தடவ உருமாறுது. 2014ல ஆண்ட்ராய்டு 5.0 வந்தப்ப போன அப்டேட் பண்ணிட்டு ஆன் பண்ணா ஒவ்வொரு ஆப்பா ஆப்டிமைஸ் ஆகுதுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும், ஞாபகம் இருக்கா? அந்தக் காத்திருப்புதான் இந்தக் கடைசிப் பெயர்ப்பு. ஆண்ட்ராய்டு 7.0லேந்து ஓடும்போதே தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கற வழியும் சேந்துக்கிச்சு, அதனால அந்த எண்ணிக்கை காணாமப் போச்சு.

அதான் நான் நிரல்பெயர்ப்பி பக்கம். நிரல்னா வரிசை, நிரல்நிறைன்னு பள்ளிக்கூடத்துல இலக்கணத்துல படிச்சிருப்போம், ஒண்ணுக்கப்பறம் ஒண்ணா வர்ற கட்டளைகளுக்கு அது பொருத்தம். பெயர்க்கறதுன்னா ஒரு எடத்துலேந்து எடுத்து இன்னொரு எடத்துல வைக்கறது, மொழிபெயர்ப்புல இருக்கறதும் அதே பெயர்ப்புதான். இதவிட எனக்கு சந்தோஷத்தக் குடுத்தது தொல்காப்பியம் மரபியல். முதல்நூல், வழிநூல்னு நூல ரெண்டா பிரிச்சு, வழிநூல் உண்டாகற வகை நாலுன்னு தொல்காப்பியர் சொல்றாரு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். நாம இப்ப கொழம்பிக்கிட்டு இருக்கற தொகுத்தலும் பெயர்த்தலும் அங்க ஒரே நூற்பால வேற வேற வகையா பிரிஞ்சு நிக்குது. நான் எழுதற காட்லின் கோடு முதல்நூல்னா, போன்ல ஓடறது அதுலேந்து மொழிபெயர்த்து வந்த வழிநூல்.

தொகுப்பின்னு எழுதறவங்க தப்பு பண்றாங்கன்னு சொல்ல மாட்டேன், அந்தச் சொல் ஏ-0வோட வரலாற்றச் சுமந்துட்டு நிக்குது. பேச்சுல கம்பைல் ஆயிடுச்சான்னுதான் நானும் கேப்பேன், எழுதும்போது மட்டும் நிரல்பெயர்ப்பி, கம்பைல் எரருக்கு பெயர்ப்புப் பிழை, ஓடும்போது வர்ற எரருக்கு இயக்கநேரப் பிழை. பையன்கிட்ட இத சொல்லிட்டு ஒரு வரில அடைப்புக்குறிய எடுத்துட்டு ரன் பண்ணேன். சிவப்புல வந்துது. "இது பெயர்ப்புப் பிழை மாமா, முதல்நூல்லயே தப்பு"ன்னான்.