ஷாத்தோநெஃப்-து-பாப்: சொல்லும் பொருளும்

ஷாத்தோநெஃப்-து-பாப் என்னும் பிரெஞ்சு வைனின் பெயரைத் திராட்சை வகையின் பெயர் என்றோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்றோ பலர் எண்ணுகிறார்கள். அது ஊர்ப்பெயர். தெற்குப் பிரான்சில், ஒரான்ஜ் நகருக்கும் அவிஞோன் நகருக்கும் நடுவே, ரோன் ஆற்றை ஒட்டி அந்தச் சிற்றூர் இருக்கிறது. அங்கும் அதை அடுத்த நான்கு ஊர்களின் குறிப்பிட்ட நிலங்களிலும் விளைந்த திராட்சையில் செய்த வைனுக்கு மட்டுமே சட்டப்படி இந்தப் பெயரை இடலாம்.

'ஷாத்தோ' என்றால் கோட்டை; 'நெஃப்', புதிய; 'து பாப்', போப்பாண்டவருடைய. ஆக, முதற்பகுதிக்கு நேர்த் தமிழ் நமக்கு நன்கு தெரிந்த ஊர்ப்பெயரேதான்: புதுக்கோட்டை. முழுப்பெயர் 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை' ஆகும். கத்தோலிக்க வழக்கில் 'திருத்தந்தையின் புதுக்கோட்டை' என்றும் சொல்லலாம்.

இந்தப் பொருளைக் கேட்டதும், போப்பாண்டவர் கட்டிய கோட்டையால் வந்த பெயர் என்றுதான் தோன்றும். பாதிதான் சரி. 1309இல் போப்பாண்டவர் ஐந்தாம் கிளமென்ட் அவிஞோனுக்கு வந்து தங்கினார். அவருக்குப் பின் போப்பாண்டவரான இருபத்திரண்டாம் ஜான் (1316–1334) இவ்வூர்க் குன்றின்மேல் கோட்டை எழுப்பினார், திராட்சைக் கொடிகளும் நடச் செய்தார். ஆனால் 1094ஆம் ஆண்டின் லத்தீன் ஆவணத்திலேயே ஊரின் பெயர் 'காஸ்த்ரோ நோவோ', அதாவது புதிய அரண். போப்பாண்டவர்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது புதுக்கோட்டைதான்! பின்னர் சுண்ணாம்புக் காளவாய்களால் 'ஷாத்தோநெஃப்-கால்சர்னியே' ஆயிற்று. 'து-பாப்' அதிகாரபூர்வமாக ஒட்டியது 1893இல்தான். ஜான் கட்டிய கோட்டையின் எஞ்சிய பகுதியை 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது; இன்று நிற்பது அதன் ஒரு பக்கம் மட்டுமே.

பெயருக்குக் காவல் தேடித் தந்தவர் இவ்வூர்த் திராட்சைத் தோட்ட உரிமையாளர் பாரன் ல ருவா. 1923இல் அவர் தலைமையில் உழவர்கள் வகுத்த விதிகள், 1936இல் பிரான்சின் முதல் புவிசார் மதுச் சட்டங்களுள் ஒன்றாயின. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும், சர்க்கரை சேர்க்கக் கூடாது, ஆல்ககால் 12.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பதின்மூன்று திராட்சை வகைகளுக்கு இடம் உண்டு என்றாலும் தலைமை கிரநாஷுக்கே. சிராவும் முர்வேத்ரும் துணை நிற்கும். பல தோட்டங்களில் மண்ணே தெரியாதபடி உருண்ட கற்கள் பரவிக் கிடக்கும். பகல் வெயிலை வாங்கி இரவில் அவை விடும் சூட்டில் பழம் நன்கு முற்றுகிறது.

சரி, வைனுக்குத் தமிழ் என்ன? தமிழ் விவிலியத்தில் 'திராட்சரசம்' என்றிருக்கிறது. இன்றைய காதுக்கு அது புளிக்காத பழச்சாறாகவே கேட்கிறது. 'திராட்சை மது' ஐயத்துக்கு இடமில்லாதது. என் விருப்பம் 'தேறல்'. தேறு என்னும் வினையடி தெளிதலைக் குறிக்கும். தேறல், தெளிந்த மது. கடல் கடந்து வந்த மதுவுக்கே இச்சொல் வழங்கியிருக்கிறது: 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு (56). அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடித் துண்டுகள் அந்த வாணிகத்துக்குச் சான்று. எனவே சிவப்பு வைனைச் 'செந்தேறல்' எனத் தயங்காமல் எழுதலாம். ஊர்ப்பெயரை மட்டும் பெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே முறை. புதுக்கோட்டைத் தேறல் என்றால் வேறு ஊர் நினைவுக்கு வரும்.

இனி, உணவு. கனிந்த செம்பழ மணமும் காட்டு மூலிகை வாசமும் கொண்ட கனத்த தேறல் இது. ஆல்ககால் பெரும்பாலும் 14 விழுக்காட்டைத் தாண்டும். மென்மையான மீன் இதன் முன் சுவையிழந்துவிடும். முதலிடம் 'தோப்' என்னும் தெற்குப் பிரான்சின் புரோவான்சுப் பகுதிக் குழம்புக்கு: மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் ஊறவைத்து, பூண்டு, தைம் என்னும் மூலிகை, ஆரஞ்சுத் தோல் சேர்த்து மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைப்பார்கள். ரோஸ்மேரியும் பூண்டும் செருகிச் சுட்ட ஆட்டுத்தொடை, காட்டுப்பன்றிக் குழம்பு, வாத்து ஆகியவையும் பொருந்தும். சைவர்களுக்குக் காளானும், எண்ணெயில் வதங்கிய கத்தரிக்காயும். மிளகாய்க் காரத்தோடு சேர்த்தால் ஆல்ககால் எரிச்சலைக் கூட்டிவிடும், தவிர்க்கலாம். அறைச் சூட்டில் ஊற்றாமல், 16–18 பாகை செல்சியசுக்குச் சற்றே குளிரவைத்துப் பரிமாற வேண்டும்.