அட்டையை நம்பிக் கொடுத்த பினோக்கியோ

நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன், ஆறு வயது மகளுக்கு ராத்திரியில் வாசித்துக் காட்ட ஏதாவது கிளாசிக் கொடுங்கள் என்று ஓர் அப்பா வந்தார். வண்ண அட்டை, நீள மூக்குப் பொம்மை. யோசிக்காமல் பினோக்கியோவை எடுத்து நீட்டினேன். மூன்றாம் நாளே திரும்பி வந்தார்.

"மேடம், இதை நீங்க படிச்சிருக்கீங்களா? புத்தி சொல்ல வந்த சுவர்க்கோழியைச் சுத்தியலை வீசிக் கொன்னுடறான். நாலாவது அத்தியாயத்துலயே! பாப்பா ஒரே அழுகை."

நான் படித்திருக்கவில்லை. சினிமாதான் பார்த்திருந்தேன், அதில் அந்தப் பூச்சி கடைசிவரை பாட்டும் கூத்துமாக இருக்கும்.

அன்றைக்கே உட்கார்ந்து படித்தேன். கார்லோ கொலோடி 1881இல் இத்தாலியச் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக ஆரம்பித்த கதை. பதினைந்தாம் அத்தியாயத்தில் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு, அதோடு கதையை முடித்தே விட்டார். பிள்ளைகள் விடவில்லை. மறுபடி எழுதவைத்தார்கள், 36 அத்தியாயமாக வளர்ந்து 1883இல் புத்தகமானது. பத்து வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற புத்தகம்தான். ஆறு வயதுக்குத் தூங்கும் நேரத்தில் கொடுத்தது என் தப்பு.

கிளாசிக் என்ற முத்திரை எந்த வயதுக்கு என்று சொல்லாது. ராபின்சன் குரூசோ (1719), கலிவரின் பயணங்கள் (1726) இரண்டுமே பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அறுபது பக்கத்தில் அடக்கிய சுருக்கப் பதிப்புகள்தான் பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கின்றன. சுருக்கத்தை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. 'தி சீக்ரெட் கார்டன்' (1911) நாவலில் பூட்டிய தோட்டத்தின் கதவு எட்டாம் அத்தியாயத்தில்தான் திறக்கும். அதுவரை மேரியோடு சேர்ந்து நாமும் சுவரைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். சுருக்கத்தில் நாலாம் பக்கத்திலேயே சாவி கிடைத்துவிடும். அப்புறம் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன?

அதே நாவலில் நமக்கென்று ஓர் இடம் இருக்கிறது. மேரி இந்தியாவில் வளர்ந்த ஆங்கிலேயச் சிறுமி. 'உன்னையும் கறுப்பர்களில் ஒருத்தி என்று நினைத்தேன்' என்று வேலைக்காரப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னதும் இவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அவர்கள் மனிதர்களே இல்லை, சலாம் போட வேண்டிய வேலைக்காரர்கள் என்று கத்துகிறாள். இதை விழுங்கிவிட்டு வாசிக்காதீர்கள். நிறுத்தி, "இவ ஏன் இப்படிப் பேசறா?" என்று கேளுங்கள். குழந்தைகளுக்குப் பதில் தெரியும். பிள்ளை தனியாகப் படித்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது.

தானாகப் படிக்கத் திணறுகிற பிள்ளை, கேட்கும்போது அதைவிடக் கனமான கதையையும் பிடித்துக்கொள்ளும். அதனால் வாசித்துக் காட்ட எடுப்பது ஒரு படி மேலேயே இருக்கலாம். ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' (1865) புத்தகத்திடம் மட்டும் அது செல்லாது. எலி தன் 'கதை' என்கிறது, ஆலிஸ் காதில் 'வால்' என்று விழுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஒலி. தமிழில் விளக்குவதற்குள் சிரிப்பு போய்விடும்.

அந்த அப்பாவுக்கு இரண்டு வருஷம் கழித்து, இந்தத் தடவை முழுக்கப் படித்துவிட்டு, 'சார்லட்ஸ் வெப்' (1952) கொடுத்தேன். 22 அத்தியாயம், ஒரு ராத்திரிக்கு ஒன்று சரியாக இருக்கும். முதல் வரியிலேயே, கோடாரியோடு அப்பா எங்கே போகிறார் என்று சிறுமி கேட்கிறாள். சாவை மறைக்காத புத்தகம். 21ஆம் அத்தியாயத்தின் முடிவில் சிலந்தி சார்லட் பக்கத்தில் யாரும் இல்லாமல் இறந்துபோகிறது.

"எனக்கே தொண்டை அடைச்சுடுச்சு மேடம். மிச்சத்தை எங்கம்மாதான் வாசிச்சாங்க" என்றார்.

இப்போது அந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போதெல்லாம் ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: 21ஐ வாசிக்கிற அன்று 22க்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சார்லட்டின் 514 முட்டைகளும் பொரிவது அதில்தான்.