சிப்பிப்பாறை ஒல்லியாகத்தான் இருக்கும்

"நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர், உடம்புதான் ஏறவே மாட்டேங்குது." சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. வரும்போதே கையில் ஒரு லிவர் டானிக்கும் கால்சியம் பாட்டிலும் இருக்கும். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரைக் கொண்ட இந்த நாய், தென்மாவட்டங்களில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்டது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், லேசாக வளைந்த முதுகு எல்லாமே ஓட்டத்துக்காக அமைந்தவை. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். இந்த உடம்பில் லாப்ரடார் மாதிரிச் சதை ஏற்றினால் அந்த எடையெல்லாம் மூட்டுகளில்தான் இறங்கும்.

கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதும், இடுப்பெலும்பு முனைகள் லேசாகத் தெரிவதும் இதற்கு இயல்பு. பார்க்க வேண்டியது தொடையை. தொடைச் சதை கல் மாதிரி இறுக்கமாக இருந்தால் நாய் நன்றாக இருக்கிறது. தொடை வற்றி, முதுகெலும்பு வரிசையாகத் துருத்தி, ஈறும் வெளுத்திருந்தால் அது இனத்தின் ஒல்லி அல்ல. குடற்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

வேட்டை நாயை அரைப்பட்டினி போட்டால்தான் வேகம் வரும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். குட்டிக்குக் கூழும் மோரும் மட்டும் ஊற்றினால் எலும்பும் சதையும் எங்கிருந்து வரும்? முட்டை, கோழி, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் தினமும் வேண்டும். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை போதும். சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குணத்தில் இது கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் நாய். வீட்டில் ஒருவரிடம் அதிகம் ஒட்டிக்கொள்ளும், தேவையில்லாமல் குரைக்காது. அதட்டலும் அடியும் இதனிடம் வேலைக்கு ஆகாது, பயந்து ஒடுங்கிவிடும். ஆனால் பூனையோ கோழியோ குறுக்கே ஓடினால் எஜமானர் கத்துவது காதிலேயே ஏறாது. சாலையில் அவிழ்த்துவிட்டு அடிபட்ட நாய்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. தலை குறுகல் என்பதால் சாதாரண பெல்ட்டிலிருந்து எளிதாக உருவிக்கொள்ளும். அகலமான பெல்ட், அல்லது நெஞ்சோடு மாட்டும் பட்டை நல்லது. சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் காலையும் மாலையும் நன்றாக ஓடவிடுங்கள், நடுவெயிலில் வேண்டாம். முடி குட்டை என்றாலும் உச்சி வெயிலில் விரட்டினால் இதற்கும் வெப்பத்தாக்கு வரும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பதாக இருந்தால், தயவுசெய்து வேறு நாய் வாங்குங்கள். அப்புறம், காட்டுக்குக் கூட்டிப்போய் முயல் பிடிக்கவிடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய்தானே பிடித்தது என்று தப்பிக்க முடியாது.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரேஹவுண்டு போன்ற வெளிநாட்டு ஓட்ட நாய்களில் ரத்தச் சிவப்பணு விகிதம் இயல்பிலேயே அதிகம், தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவு. தட்டணு குறைந்தாலே உண்ணிக் காய்ச்சல் என்று முடிவுகட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. உடலமைப்பு ஒன்றுபோல இருப்பதால், சிப்பிப்பாறையிலும் காய்ச்சல், ஈறு, ரத்தப்பூச்சு (நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்த மாதிரி) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நான் மருந்து தொடங்குவேன். மயக்க மருந்திலும் அதே எச்சரிக்கைதான். உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் கிரேஹவுண்டு தெளிய நெடுநேரம் ஆகும் என்பது பழைய பாடம். அதனால் சிப்பிப்பாறைக்கும் அதைத் தவிர்த்துவிடுகிறேன். அறுவை முடிந்ததும் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும், போர்வை தயாராக இருக்கட்டும். நாய் வளர்ப்பவர்களே, கருத்தடைக்கு அழைத்துப் போகும்போது இது வேட்டை நாய் இனம் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களின் குட்டிகள்தான் பார்வோ என்ற வைரஸ் நோயில் அதிகம் சாகின்றன. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. படுக்க ஒரு தடித்த சாக்கோ மெத்தையோ போடுங்கள். வெறும் சிமென்ட் தரையில் படுத்தே முழங்கை புண்ணாகி வரும் நாய்களுக்கு மருந்தைவிட அதுதான் முதலில் வேண்டும்.