குருத்தணு சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் அறிய வேண்டிய விதிகள்

பெருமூளை வாதம் உள்ள ஒன்பது வயதுச் சிறுமியின் தாய், தனியார் சிகிச்சை மையம் ஒன்று தந்த கட்டணச் சீட்டை என்னிடம் காட்டினார். 'ஸ்டெம் செல் தெரபி, நான்கு அமர்வுகள்' என்ற தலைப்பின் கீழ் முன்பணம், அமர்வுக் கட்டணம், பிசியோதெரபி என்று வரிசையாகத் தொகை அச்சிடப்பட்டிருந்தது. நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று கேட்டார். கட்ட வேண்டாம் என்பதே விடை. அது என் சொந்தக் கருத்து அல்ல; இந்திய அரசின் விதிகளே அப்படித்தான் சொல்கின்றன.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளவும் வேறு வகை உயிரணுக்களாக மாறவும் வல்லவை. இவற்றைப் பயன்படுத்துவது குறித்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007-இல் முதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டன. அப்போது தலைப்பில் 'ஆராய்ச்சி', 'சிகிச்சை' என்ற இரு சொற்களும் இருந்தன. 2013-இல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆய்வு நிலையில் இருப்பதைச் சிகிச்சை என்று சொல்லி விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். 2017-இல் வந்த தேசிய வழிகாட்டுதல்களும் இதே நிலையில் நிற்கின்றன. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யப்படும் ரத்தக் குருத்தணு மாற்று, அதாவது நாம் எலும்பு மஜ்ஜை மாற்று என்று சொல்வது, ஏற்கப்பட்ட சிகிச்சை. பெருமூளை வாதம், ஆட்டிசம், முதுகுத்தண்டுக் காயம், சர்க்கரை நோய் என்று விளம்பரங்களில் வரும் மற்ற பயன்பாடுகளை, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில், அதாவது கிளினிக்கல் டிரையலில் மட்டுமே செய்யலாம். ஆட்டிசத்துக்கு இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமும் தனியே கூறியது.

'உங்கள் குழந்தையின் சொந்த அணுக்களைத்தானே எடுத்துத் திரும்பச் செலுத்துகிறோம், இதற்கு எதற்கு அனுமதி?' என்று சில இடங்களில் கேட்பார்கள். சொந்த அணுவாக இருந்தாலும் இந்த வழிகாட்டுதல் பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, குருத்தணுவிலிருந்து பெறப்பட்டு மருந்தாகப் பயன்படுத்தப்படும் பொருள் எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் 'புதிய மருந்து' என்றே கருதப்படும்.

உண்மையான ஆய்வில் சேர்பவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு? ஆய்வுக்குரிய சிகிச்சைக்கு அவரிடம் பணம் வாங்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முன்பணம் கேட்கும் இடத்தில் நடப்பது விதிப்படியான ஆய்வாக இருக்க முடியாது. அடுத்து, அந்த நிறுவனத்தில் குருத்தணு ஆய்வுக்கான தனிக் குழுவும் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளில் தொடங்கி, ஆண்டு, மாதம், பிறகு ஒரு வரிசை எண் என்று அந்தப் பதிவு எண் அமைந்திருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். எண் கிடைத்ததோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் பக்கத்தைத் திறந்து, ஆய்வு எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், எந்த வயதினருக்கு என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாய் மையத்துக்குத் தொலைபேசியில் பேசி எண்ணைக் கேட்டார். மருத்துவர் பிறகு பேசுவார் என்றார்கள், பேசவில்லை.

ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவம் பெறவும், உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் இழப்பீடு பெறவும் 2019 விதிகள் வழி செய்கின்றன. இழப்பீட்டுக்கான உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் ஆய்வை நடத்தச் செய்யும் நிறுவனம் தொகையைச் செலுத்த வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர் எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது.

இந்த விதிகள் ஆராய்ச்சியை முடக்குகின்றன என்பாரும் உண்டு. வேலூரில் நடந்ததைப் பார்த்தால் அது சரியல்ல என்று தெரியும். ரத்தத்தை உறையச் செய்யும் எட்டாம் காரணி என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம்தான் என்பதால், அதில் பிழை நேர்ந்தால் ஈடுகட்ட வேறொன்று இல்லை. இந்தப் புரதக் குறையால் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ என்ற நோய் பெரும்பாலும் ஆண்களைத் தாக்குவது இதனால்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கும் குருத்தணு ஆராய்ச்சி மையத்தினர், நோயாளிகளின் சொந்த ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, சரியான மரபணுவை அவற்றில் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவுகளின்படி, கடுமையான நோய் கொண்டிருந்த 5 பேரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஒப்புதல்கள் எல்லாம் பெற்று, முறையான மருத்துவ ஆய்வாகவே இது நடந்தது.

தலசீமியா உள்ள குழந்தைகளின் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டிய உதவி ஒன்று உண்டு. கோல் இந்தியா நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் 2017 முதல் நடைபெறும் தலசீமியா பால் சேவா யோஜனா, திசுப் பொருத்தம் உள்ள உடன்பிறப்பிடமிருந்து செய்யப்படும் மஜ்ஜை மாற்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலூர் மருத்துவமனையும் இதன் பட்டியலில் இருப்பதால், அங்கேயே விசாரிக்கலாம்.

தொப்புள்கொடி ரத்தத்திலும் குருத்தணுக்கள் உண்டு என்பதால், பிரசவத்துக்கு நாள் குறித்த வீடுகளுக்கு வரும் தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு முகவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொப்புள்கொடி ரத்த வங்கி நடத்த உரிமம் உண்டு. அதனால் அது சட்டவிரோதம் அல்ல. ஆனால் குழந்தைக்குப் பின்னாளில் தனக்கே பயன்படும் என்று பணம் கட்டிச் சேமிப்பதை ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. முதல் 20 ஆண்டுகளில் அந்த ரத்தம் அதே குழந்தைக்குத் தேவைப்படும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவருக்கு முதல் 2 லட்சம் பேரில் ஒருவருக்கு வரை என்று 2017 வழிகாட்டுதல்களே கூறுகின்றன. பரம்பரை நோய் என்றால் இன்னும் சிக்கல்: பிழையான மரபணு அந்த ரத்தத்திலும் இருக்கும். தொப்புள்கொடித் திசு, பல்கூழ் போன்றவற்றைச் சேமித்து வைக்கும் வணிகத்துக்கு இந்த வழிகாட்டுதல்களில் அனுமதியே இல்லை.

அனுமதியின்றிச் சிகிச்சை நடந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகத்துக்கும், மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவ மன்றத்துக்கும் எழுத்து மூலம் புகார் தரலாம். கட்டணச் சீட்டு, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து, அவற்றின் நகல்களைப் புகாருடன் இணைக்க வேண்டும்.