“மெத்தை போட்டுத்தானே சார் செஞ்சா?”

மே மாதம் வந்தால் என் பிசியோதெரபி அறைக்கு மணிக்கட்டுகள் வர ஆரம்பிக்கும். பள்ளி லீவு, கையில் போன், அதில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீடியோ. போன லீவில் வந்தவள் பத்து வயதுப் பெண். மாவுக்கட்டு பிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. “மெத்தை போட்டுத்தானே சார் செஞ்சா?” என்று அவள் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

சிக்கலே அந்த மெத்தைதான். டைல்ஸ் தரையில் ஃபோம் மெத்தையை விரித்து, ஓடி வந்து, பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழல்கிற கார்ட்வீலுக்குக் கை ஊன்றியிருக்கிறாள். மெத்தை கையோடு சேர்ந்து நழுவிவிட்டது. மொத்த எடையும் மடங்கிய மணிக்கட்டின் மேல். மொசைக் தரையில் கோரைப்பாயும் இதே வேலையைத்தான் செய்யும். இலவம்பஞ்சு மெத்தை நழுவாவிட்டாலும் பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். யோகா மேட் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், சரி. ஆனால் விழுந்தால் தாங்குகிற தடிமன் அதற்கு இல்லை. எதை விரித்தாலும் காலால் பக்கவாட்டில் ஓங்கித் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் சுருட்டி வையுங்கள்.

அப்புறம் இடம். பிள்ளையைக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டித் தரையில் படுக்கச் சொல்லுங்கள். அந்த நீளம் நாலு பக்கமும் காலியாக இருக்க வேண்டும். பீரோ முனை, கட்டில் விளிம்பு இதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கட்டில் மேல் ஏறிக் குதிக்கிற பிள்ளையின் தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது என்பது ஏனோ யாருக்கும் உறைப்பதில்லை.

வீட்டில் எதைச் செய்யலாம்? கோச் கை கொடுக்காமலே வகுப்பில் சுத்தமாகச் செய்ய வருவதை மட்டும். புதிதாக எதையும் வீட்டில் கற்க வேண்டாம். பின்பக்கமாகத் துள்ளிச் சுழல்கிற பேக் ஃப்ளிப் பேச்சே வேண்டாம். அதில் பிசகினால் போவது கழுத்து. குட்டிக்கரணம் போடலாம், தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தால். உச்சந்தலையில் எடை விழக்கூடாது, தோள்பட்டையின் பின்பக்கம்தான் தரையில் உருள வேண்டும். சுவரைப் பார்த்தபடி, பாதங்களைச் சுவரில் மெல்ல ஏற்றி, கைகளில் தலைகீழாக ஹேண்ட்ஸ்டாண்ட் நிற்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். போட்டியில் மேலே ஏறி நடக்கிற கட்டையான பேலன்ஸ் பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். அதே அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுங்கள். அதில் தடுமாறாமல் நடந்து திரும்புவதற்கே ஒரு லீவு போதாது. பலகையை செங்கல் மேல் தூக்கி வைக்கிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. சுற்றியுள்ள தசைநார்களைவிட அது பலம் குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகிற அடி, பிள்ளைகளுக்கு அந்தத் தட்டிலேயே முறிவாகலாம். அதனால் வீக்கம் இருந்தால், கை ஊன்ற வலித்தால், சுளுக்குதான் என்று எண்ணெய் போட்டு உருவாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தில் அடிபட்டு கை கால் மரத்துப்போகிறது என்றால் பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல், 108-ஐ அழையுங்கள்.

சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, எலும்பு மருத்துவரும் சரி என்று சொன்னபின் அந்தப் பெண், “இனி கார்ட்வீல் போடலாமா அங்கிள்?” என்றாள். முதலில் விழுந்து காட்டு என்றேன். சிரித்தாள். குந்தி உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டி, தாடையை உள்ளே இழுத்து, முதுகைப் பந்துபோல வளைத்துப் பின்னால் உருள வேண்டும். பின்னால் விழும்போது கை தானாகத் தரையைத் தேடும்; அதை அடக்குவதுதான் கஷ்டம். முதல் இரண்டு முறையும் கை ஊன்றினாள். மூன்றாவது முறை ஊன்றவில்லை. “இப்பவாவது?” என்று நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் பத்து முறை விழு என்றேன்.