பர்லெஸ்க்: நையாண்டியா, நடனமா?

பழைய அமெரிக்க மேடையையும் அதிலிருந்து வந்த படங்களையும் பற்றி எழுதுபவர்கள் இடறும் சொல் பர்லெஸ்க். முதலில் உச்சரிப்பு. கடைசியில் வருவது ‘க்’ மட்டுமே. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் (burlesque) பார்த்து ‘பர்லெஸ்க்யூ’ என்று எழுதுவது தவறு.

இத்தாலிய மொழியில் ‘புர்லா’ என்றால் கேலி. அதிலிருந்து ‘புர்லெஸ்கோ’ உண்டாகி, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அன்று அதில் நடனம் கிடையாது, ஆடை களைவதும் கிடையாது. உயர்ந்த விஷயத்தைக் கொச்சை நடையிலோ, அற்ப விஷயத்தைக் காவிய நடையிலோ சொல்லிச் சிரிக்கவைக்கும் எழுத்துக்குத்தான் அந்தப் பெயர். பிரெஞ்சுக் கவிஞர் ஸ்காரோன் 1648 முதல் ரோமக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தைத் தெருப்பேச்சில் பாடியது முதல் வகை. இரண்டாம் வகைக்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது: கவிமணியின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. தெய்வத்தின் பெருமை பாட வேண்டிய மான்மியத்தை எடுத்து, குடும்பச் சொத்துச் சண்டைக்குப் போட்டிருக்கிறார்.

பெண்கள் நடனம் இதற்குள் நுழைந்ததற்கு 1868 முக்கியமான ஆண்டு. லிடியா தாம்ப்சனின் ஆங்கிலக் குழு நியூயார்க்கில் கிரேக்கப் புராணத்தைப் பகடி செய்து ஆடியது. ஆண் வேடங்களையும் பெண்களே, கால் வடிவம் தெரியும் இறுக்கமான உடையில் ஏற்றார்கள். கூட்டம் பகடிக்கு வந்ததா, காலுக்கு வந்ததா என்பது அன்றைக்கே விவாதம்! போகப்போக நகைச்சுவைத் துணுக்கு, பாட்டு, நடனம் என்று கலந்து கட்டிய மேடையானது. 1920களில் ஆடை களையும் ஆட்டமே முதன்மை ஈர்ப்பாகிவிட்டது. 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் இந்த அரங்குகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ‘பர்லெஸ்க்’ என்ற சொல்லையே விளம்பரப் பலகையில் போடக்கூடாது என்றார்கள்.

மேடை இப்படித் தேய்ந்த பிறகு, அதைப் படச்சுருளில் பிடித்து விற்றவை 1950களின் பர்லெஸ்க் படங்கள். நியூயார்க்கில் நடிகைகளின் படங்களைத் தபாலில் விற்றுவந்த இர்விங் கிளா எடுத்த ‘டீசராமா’ (1955) நல்ல மாதிரி. நடனக்காரர் டெம்பெஸ்ட் ஸ்டார்ம், மாடல் பெட்டி பேஜ் இருவரும்தான் விளம்பரத்தில் முதலில் நிற்பவர்கள். கதை கிடையாது. நடனம், துணுக்கு, மறுபடி நடனம் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேலாக ஓடும். முழு நிர்வாணமும் இல்லை.

இன்று பார்த்தால் பொழுது போகுமா? ஒரே மூச்சில் பார்த்தால் போகாது. கேமரா பெரும்பாலும் அசையாமல் நேர் எதிரே நிற்கிறது. நகைச்சுவைதான் அதிகம் அடிவாங்குகிறது. மேடைக் கோமாளி ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கும்வரை நிறுத்துவார். திரையில் சிரிக்க ஆளில்லாததால் அந்த இடைவெளி வெறுமையாகக் கிடக்கிறது. ஆனாலும் ஜோ ஈ. ராஸ், டேவ் ஸ்டார் என்ற நகைச்சுவை ஜோடி வரும் பகுதியை விடவேண்டாம். ஒருவர் முகம் மாறாமல் கேள்வி கேட்க, மற்றவர் அதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு போவதுதான் அந்த மேடையின் அடிப்படை இலக்கணம். கவுண்டமணி–செந்தில் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

நடனத்தில் பார்க்கவேண்டியது வேகக் குறைப்பை. முதலில் கழல்வது கையுறை, அதுவும் விரல் விரலாக. பிறகுதான் கவுன். இழுத்தவுடன் திறக்கும்படி கொக்கியும் பிரஸ் பட்டனும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஜிப் நடுவில் சிக்கினால் தாளம் போய்விடும், மயக்கமும் போய்விடும். அகலத் திறந்த கண், வேண்டுமென்றே மிகைப்படுத்திய வெட்கம் என்று ஆடுபவரே தன் கவர்ச்சியை லேசாகக் கிண்டல் செய்வார். பழைய ‘புர்லா’ ஒளிந்திருப்பது அங்கேதான். படப் பிரதி முழுக்கச் செந்நிறமாகத் தெரிந்தால் அது கலை நோக்கம் அல்ல. அக்கால ஈஸ்ட்மேன்கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முந்தி வெளிறியதன் விளைவு.

இனி தமிழ்ச் சொல். இலக்கிய வகைக்குப் ‘பகடி’ ஏற்கனவே வழக்கில் இருக்கிறது, அது போதும். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் முதலாவதான ‘எள்ளல்’ இன்னும் பொதுவானது. ஒரு கலை வடிவத்தின் பெயராக நிற்காது. ‘கேலிக்கூத்து’ பொருத்தமாகத் தோன்றும், ஆனால் செய்தித்தாள் தமிழில் அது ‘உருப்படாமல் போன காரியம்’ என்ற வசையாகிவிட்டது. மேடை வடிவத்துக்கு ‘நையாண்டிக் கூத்து’ பரவாயில்லை. பாட்டு, நடனம், துணுக்கு கலந்த ‘வெரைட்டி’ என்பதற்குப் ‘பல்சுவை’ கச்சிதம். ஆடை களையும் ஆட்டத்தைத் ‘துகிலுரி நடனம்’ என்று எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். துகிலுரிதல் என்றாலே நமக்குப் பாஞ்சாலி சபையும், பிறர் கை செய்யும் வன்கொடுமையும்தான் நினைவுக்கு வரும். இங்கே ஆடுபவர் தானே, தன் கணக்குப்படி களைகிறார். ‘ஆடை களைவு நடனம்’ நேரானது.

படப் பட்டியலில் எழுதும்போது ‘பர்லெஸ்க் பல்சுவைப் படம், வயது வந்தோருக்கு’ என்று போட்டால் தேடுபவருக்கும் கிடைக்கும், விஷயமும் புரியும்.