பிணையவழித் தொடக்கம்: ஒரு ‘வழி’ ஏன் வேண்டும்

‘நெட்வொர்க் பூட்’ என்பதைப் ‘பிணையத்தைத் துவக்குதல்’ என்று எழுதும் கையேடுகள் பெருகிவிட்டன. அது தவறு. இங்கே தொடங்குவது பிணையம் அல்ல, கணினி. வட்டில் இயங்குதளமே இல்லாத கணினி, வேண்டிய கோப்புகளைப் பிணையத்தின் வழியே வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. பிணையம் முன்பே ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த வேலையே நடக்கும்.

சொல்லின் பிறப்பு: பூட்ஸை இழுத்து மாட்டுவதற்குப் பின்புறம் தைத்த வார்தான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைத் தானே இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து, சிறு நிரல் பெரிய நிரலை ஏற்றும் முறைக்குப் பெயர் வந்து ‘பூட்’ என்று குறுகியது. பிணையவழியில் இதைச் செய்யும் பொது முறையான பிஎக்ஸ்இ (PXE) வரையறையின் 2.1 பதிப்பை இன்டெல் 1999இல் வெளியிட்டது.

கோளாறு ‘பிணையத் துவக்கம்’ என்ற தொகையில் இருக்கிறது. தொகையில் வேற்றுமை உருபு மறைந்து நிற்கும். பிணையத்தைத் துவக்குவதா, பிணையத்தால் துவக்குவதா, பிணையத்தினது துவக்கமா? எப்படியும் விரிக்கலாம். யாரோ ‘ஐ’ போட்டு விரித்தார், பொருள் தலைகீழானது. அதைப் படித்தவர் கணினிகளைப் பிணையத்தில் இணைக்கும், நன்றாக ஓடும் சுவிட்சை அணைத்துப் போடுகிறார். ‘வழி’ என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தால் இந்த மயக்கம் இல்லை. ‘துவக்கம்’ வேண்டாம், ‘தொடக்கம்’ போதும்: ‘மறுதொடக்கம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது, ‘துவக்கு’ என்றால் ஈழத்தில் துப்பாக்கி.

பெயரைவிடப் பிழைச்செய்திகளின் தமிழ்தான் அதிகம் கெடுக்கிறது. பிஎக்ஸ்இ-இ53 என்ற செய்தியைப் ‘பூட் கோப்பு காணவில்லை’ என்று எழுதுகிறார்கள். உடனே தொழில்நுட்பர், தொடக்கக் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி (TFTP) சர்வரின் கோப்புறையைத் திறந்து தேடுகிறார். கோப்பு அங்கே பத்திரமாக இருக்கிறது. செய்தி சொல்வது வேறு: ‘தொடக்கக் கோப்பின் பெயர் வரவில்லை’. கணினிக்கு ஐபி முகவரி கிடைத்துவிட்டது, எந்தக் கோப்பைக் கேட்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கணினி வேறு விலானில் (பிணையத்தின் தனிப் பிரிவில்) இருந்தால், அதன் கேள்வியை யாருக்கு அனுப்புவது என்று ரூட்டருக்குச் சொல்லும் ஹெல்ப்பர் முகவரியில், ஐபி முகவரி தரும் டிஎச்சிபி (DHCP) சர்வர் மட்டும் இருந்து தொடக்க சர்வர் விடுபட்டிருக்கலாம். டிஎச்சிபியில் தொடக்க சர்வரையும் கோப்பையும் குறிக்கும் ஆப்ஷன் 66, 67 வழியாகப் பெயர் கொடுக்கும் இடத்தில் அவை காலியாக இருக்கலாம். கோப்பு உண்மையிலேயே இல்லாதபோது வருவது இ3பி. அதற்குத்தான் கோப்புறையையும் பாதையின் எழுத்துகளையும் சரிபார்க்க வேண்டும். ‘பெயர்’ என்ற ஒரு சொல்லை விழுங்கியதால் இரண்டு கோளாறுகள் ஒன்றாகிவிட்டன. திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்து மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

இ32ஐ ‘நேரம் முடிந்தது’ என்று விட்டுவிடுவதும் அரைகுறை. ‘டிஎஃப்டிபி சர்வரிடமிருந்து மறுமொழி வரவில்லை’ என்றால்தான் ஃபயர்வால் நினைவுக்கு வரும். அதில் யுடிபி போர்ட் 69ஐத் திறந்தால் மட்டும் போதாது. கேள்விதான் 69க்குப் போகிறது, பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வருகிறது.

இ51 என்றால் டிஎச்சிபியோ, தொடக்கத் தகவலை மட்டும் தரும் பிராக்ஸி டிஎச்சிபியோ எதுவும் மறுமொழி தரவில்லை என்று பொருள். கேபிளும் சர்வரும் சரியாக இருந்தால் பிணையத்தில் தரவு வட்டமடிக்காமல் தடுக்கும், சுவிட்சின் ஸ்பேனிங் ட்ரீயைப் பாருங்கள். இயல்பான அமைப்பில் போர்ட் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதன் பிறகே தரவை விடும். அதற்குள் சில கணினிகள் கேட்பதை நிறுத்திவிடும். கணினி செருகும் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும்.

விண்டோஸ் நிறுவலுக்கான சிறு இயங்குதளமான வின்பிஇயைக் கொண்ட பூட்.விம் (boot.wim) கோப்பு இறங்கி, வின்பிஇ திரை வந்தபின் முகவரி கிடைக்காமல் நின்றால், அதையும் ‘பிணையத் துவக்கம் தோல்வி’ என்று பதிவதுண்டு. பிணையவழித் தொடக்கம் அங்கே முடிந்துவிட்டது. கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ கொடுத்து எந்த அடாப்டரும் தெரியவில்லை என்றால், அந்தப் பிணைய அட்டையின் டிரைவரைப் பூட்.விம்மில் சேர்க்க வேண்டும். டிஎச்சிபியைத் தொட வேண்டியதில்லை.